தழும்பை மறைக்க டாட்டூ: ரீல்ஸ் காட்டுவது பாதிதான்... மீதி என்ன?

இன்ஸ்டாகிராமில் இந்த வகை ரீல்ஸ் உங்கள் கண்ணில் கட்டாயம் பட்டிருக்கும். வயிற்றில் வெள்ளை வெள்ளையாக ஸ்ட்ரெச் மார்க்ஸ். அதன் மேல் பேனா மாதிரி ஒரு மெஷின் ஓடுகிறது. அடுத்த நொடி கோடுகளைக் காணோம். கீழே கமென்ட்ஸில் "எவ்ளோ ஆகும்?", "சென்னைல எங்க இருக்கு?" என்று வரிசையாகக் கேள்விகள்.

'மெடிக்கல் டாட்டூ', 'பாராமெடிக்கல் டாட்டூ', 'ஸ்கின் கேமஃபிளாஜ்', 'மைக்ரோபிக்மென்டேஷன்' என்று பெயர் இடத்துக்கு இடம் மாறுகிறது. விஷயம் ஒன்றுதான். விபத்து, தீக்காயம், அறுவை சிகிச்சை, பருக்கள் என ஏதோ ஒன்று விட்டுச்சென்ற தழும்பின் மீது தோல் நிறத்திலேயே நிறமியை ஏற்றி, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது.

இது ஏமாற்று வேலையா? இல்லை. மருத்துவத்தில் இதற்கு நிஜமான இடம் இருக்கிறது, சிலருக்கு வாழ்க்கையையே மாற்றிய விஷயமும்கூட. ஆனால் ரீல்ஸில் காட்டும் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் வரும் வருடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

புதுசு மாதிரி தெரியும், ஆனா புதுசு இல்லை

நம் ஊரில் பச்சை குத்துவது பாட்டி காலத்து வழக்கம். ஆனால் தோலில் இருக்கும் குறையை மறைக்க மருத்துவர்களே ஊசியை எடுத்த கதையும் கிட்டத்தட்ட 200 வருடப் பழசு. 1835-ல் பவுலி என்ற ஜெர்மன் மருத்துவர், பிறவி மச்சங்களின் மேல் நிறமி ஏற்றி மறைக்க முயன்றதை மருத்துவ இலக்கியம் பதிவு செய்திருக்கிறது. அவர் பயன்படுத்தியது பாதரசம் கலந்த சிவப்பு நிறமி. இன்று யாராவது அதைத் தொட்டால் கேஸ் போடுவார்கள்!

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது. 'கண்ணில் பூ விழுந்துடுச்சு' என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா? கருவிழியில் விழும் அந்த வெள்ளைத் தழும்பின் மேல் கறுப்பு மையை ஏற்றி, கண்ணைப் பார்க்க இயல்பாகத் தெரியவைக்கும் சிகிச்சையை 1869-ல் லூயி வெக்கர் என்ற கண் மருத்துவர் செய்தார். பார்வை இழந்த கண்ணின் தோற்றத்தைச் சரிசெய்ய கண் மருத்துவர்கள் இன்றும் இதன் நவீன வடிவத்தைச் செய்கிறார்கள். தழும்பை டாட்டூவால் மறைப்பது என்ற யோசனை, டாட்டூ ஸ்டூடியோக்களுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறது.

தோலுக்குள்ள போன மை ஏன் அங்கேயே இருக்கு?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் ஈஸி. நம் தோலுக்கு மேலடுக்கு, உள்ளடுக்கு என்று இரண்டு முக்கியப் பகுதிகள். மேலடுக்கு தொடர்ந்து உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மையை அங்கே வைத்தால் சில வாரங்களில் போய்விடும். அதனால் ஊசி தோராயமாக ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்ளடுக்கில் நிறமியை வைக்கிறது.

உடல் சும்மா இருக்குமா? ஏதோ அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவந்து அந்த மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் ஜீரணிக்க முடியாது. விழுங்கிய செல் ஒருநாள் இறக்கும், துகள் வெளியே வரும், உடனே அடுத்த செல் அதை விழுங்கும். பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளை வைத்து இந்தச் சுழற்சியைக் காட்டினார்கள். டாட்டூ நிரந்தரமாக இருப்பது மை அசையாமல் கிடப்பதால் அல்ல. செல்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான்.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. மை இருப்பது கீழடுக்கில். உங்கள் இயற்கையான நிறத்தைத் தரும் மெலனின் பெரும்பாலும் இருப்பது மேலடுக்கில். அதாவது, அந்த மையை நாம் பார்ப்பது மேலடுக்கு என்ற ஒரு திரை வழியாக. கறுப்பு மையில் குத்திய பாட்டியின் கை பச்சையாகத் தெரிவது இதனால்தான். மை நிறம் மாறவில்லை, தோல் வழியாக ஒளி சிதறி வரும்போது நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. கறுப்புக்கே இந்த நிலைமை என்றால், 'உங்க ஸ்கின் டோனுக்கு மேட்ச் பண்ணித் தர்றோம்' என்று பாட்டிலில் கலக்கும் பிரவுன் ஷேடு தோலுக்குள் போய் ஆறிய பிறகு எப்படித் தெரியும் என்பதைச் சரியாகக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது வெயில். சித்திரை மாதம் பைக்கில் போனால் கை கறுக்கும். மார்கழியில் கொஞ்சம் தெளியும். இயற்கையான தோல் இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். டாட்டூ நிறமி அப்படி மாறாது. மே மாதத்தில் சுற்றியுள்ள தோல் கறுத்து, மறைத்த இடம் மட்டும் வெளுப்பாகத் தனித்துத் தெரியலாம். நம்மைப் போல மாநிறமும் கறுப்பும் கொண்ட, வருடத்தில் பாதி வெயிலில் இருக்கும் மக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டு ரீல்ஸைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நிறம் மட்டும்தான் பிரச்சினையா?

தழும்பு என்பது சாதாரணத் தோல் இல்லை. காயம் ஆறும்போது உடல் அவசரமாகப் போடும் ஒட்டு அது. சாதாரணத் தோலில் கொலாஜன் இழைகள் கூடை பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தழும்பில் அவை ஒரே திசையில் அடுக்கிவைத்த மாதிரி கிடக்கும். முடிக்கால்கள் கிடையாது, வியர்வைச் சுரப்பி கிடையாது, பல நேரம் நிறம் தரும் செல்களும் கிடையாது. அதனால்தான் பழைய தழும்பு வெள்ளையாகவும், வெளிச்சம் படும்போது மினுமினுப்பாகவும் தெரிகிறது.

டாட்டூ சரிசெய்வது இதில் ஒன்றே ஒன்றை: நிறத்தை. மேடு மேடாகவே இருக்கும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பக்கவாட்டில் லைட் அடித்தால் நிழல் விழத்தான் செய்யும். ரீல்ஸில் ஏன் நேரே ரிங் லைட் வைத்து எடுக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? தட்டையான, வெளுத்த, பழைய தழும்புதான் இதற்குச் சரியான ஆள். பருக்கள் விட்ட குழிகளுக்கு இது கிட்டத்தட்ட வேலைக்கே ஆகாது.

சிவந்து, அரிப்போடு இருக்கும் புதுத் தழும்பில் கை வைக்கவே கூடாது. தழும்பு முழுமையாக முதிர்வதற்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை அதன் நிறம் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். மாறும் இலக்கை நோக்கி ஷேடு கலந்து என்ன பயன்?

கீலாய்டு உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். காயத்தின் எல்லையைத் தாண்டி தடித்து வளரும் தழும்புதான் கீலாய்டு. கறுத்த தோல் உள்ளவர்களிடம் இது அதிகம். காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட தோளிலோ உங்களுக்கு அப்படி வளர்ந்திருந்தால், ஒரு தழும்பை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய தழும்போடு திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை ஊசி குத்துவதும் உடலுக்கு ஒரு காயம்தானே.

அப்போ இது யாருக்கு நிஜமா உதவுது?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு. இந்தத் துறையின் மிக உறுதியான, மிகக் கண்ணியமான பயன்பாடு என்று இதைத்தான் சொல்வேன்.

மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சையில் பலருக்கு முலைக்காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் சேர்ந்தே போய்விடும். பிளாஸ்டிக் சர்ஜன் மார்பை மறுபடி உருவாக்கினாலும், நடுவில் தழும்புக் கோட்டோடு வெறுமையாக ஒரு மேடு மட்டும் இருக்கும். கண்ணாடி முன் நிற்கும் ஒவ்வொரு முறையும் 'நோய் வந்த உடம்பு' என்று அது ஞாபகப்படுத்தும். அந்தக் கருவட்டத்தைத் தோலுக்குள் நிறமி ஏற்றி உருவாக்கும் முறை 1975-லேயே பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் வெளியானது. பிறகு அது மெல்ல மெல்ல மார்பக மறுசீரமைப்பின் கடைசிக் கட்டமாகவே மாறியது.

ஆரம்பத்தில் இதைச் செய்தது மருத்துவர்களும் நர்ஸ்களும்தான். ஒரே நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். அமெரிக்காவின் மேரிலாண்டில் டாட்டூ கலைஞராக இருந்த வின்னி மையர்ஸ் போன்றவர்கள் உள்ளே வந்த பிறகு கதை மாறியது. ஓவியர்கள் செய்வதுபோல ஒளி, நிழல் சேர்த்து, தட்டையான தோலிலேயே முப்பரிமாணமாகத் தெரியும்படி வரைந்தார்கள். தொட்டால் தட்டைதான். பார்த்தால் நிஜம். மருத்துவர்களுக்கு உடல் தெரியும், கலைஞர்களுக்கு நிறம் தெரியும். இரண்டும் சேர்ந்தபோதுதான் இந்தச் சிகிச்சை உருப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஏன் நன்றாக வேலை செய்கிறது, வயிற்று ஸ்ட்ரெச் மார்க்ஸில் ஏன் சொதப்புகிறது? காரணம் எளிது. கருவட்டம் என்பது சுற்றியுள்ள தோலிலிருந்து வேறுபட்ட நிறம். துல்லியமாக மேட்ச் ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். மேலும் அது ஆடைக்குள் இருப்பதால் வெயில் பிரச்சினையும் இல்லை. வருடங்கள் போகப் போக மங்கும் என்பதால் திரும்ப ஒருமுறை டச்-அப் தேவைப்படலாம்.

இதே லாஜிக் இன்னும் சில இடங்களில் பொருந்துகிறது. தலையின் பின்பக்கத்திலிருந்து தோலைப் பட்டையாக எடுத்துச் செய்யும் ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட்டில் ஒரு நீளக் கோடு தழும்பாக நிற்கும். முடியை ஒட்ட வெட்டினால் பளிச்சென்று தெரியும். அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிறமி வைத்தால் வெட்டிய முடி மாதிரியே இருக்கும். புருவத்தை வெட்டிப்போகும் தழும்பு, உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சைக்குப் பின் கலைந்துபோன உதட்டின் ஓரம், இவையும் அப்படித்தான். எங்கெல்லாம் ஒரு கோட்டையோ, புள்ளியையோ, அழுத்தமான நிறத்தையோ 'வரைய' முடிகிறதோ அங்கே டாட்டூ ஜெயிக்கிறது. 'எதுவுமே இல்லாத தோலை' வரையச் சொன்னால் திணறுகிறது.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் தோல் மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள், முக்கியமாக உதடு போன்ற, மருந்துக்கு எளிதில் மசியாத இடங்களில். ஆனால் புள்ளிகள் பரவாமல் நின்று குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். பரவும் நிலையில் ஊசி பட்டால், பட்ட இடத்திலேயே புதிய வெண்புள்ளி வரலாம். உதட்டில் செய்யும்போது பழைய 'அக்கி' வைரஸ் விழித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு என்பதால் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். இதெல்லாம் ஸ்டூடியோவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

மான்ட்ரியலில் நடந்த ஒரு ஆச்சரியம்

கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் ஆந்த்ரே கமிரான். முகத்தில் வெளுத்த தழும்புகள் உள்ள நோயாளிகளுக்குத் தோல் நிற மையில் டாட்டூ போட்டு மறைத்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து மை மங்கிவிட்டது. வழக்கமாக என்ன ஆக வேண்டும்? வெள்ளைத் தழும்பு திரும்பத் தெரிய வேண்டும். ஆனால் சிலருக்கு அந்த இடத்தில் இயற்கையான நிறமே கொஞ்சம் திரும்பியிருந்தது. தழும்பின் மேற்பரப்பும் மென்மையாகியிருந்தது.

அப்படியென்றால் வேலை செய்தது மையா, ஊசியா? மையே இல்லாமல் டாட்டூ ஊசியை மட்டும் தழும்பில் ஓட்டிப் பார்த்தார். தழும்பு மேம்பட்டது. 1997-ல் சக மருத்துவருடன் சேர்ந்து அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் என்ற சர்ஜன் ஊசிகள் பதித்த உருளையை வைத்து இதே திசையில் வேலை செய்துகொண்டிருந்தார். இன்று தெருவுக்குத் தெரு ஸ்கின் க்ளினிக்குகளில் செய்யும் 'மைக்ரோ நீட்லிங்', 'டெர்மா ரோலர்' எல்லாவற்றுக்கும் பூர்வீகம் இதுதான்.

ஊசி ஏற்படுத்தும் நுண்காயங்கள் தோலைப் புதிதாக, ஒழுங்காக கொலாஜன் உருவாக்கத் தூண்டுகின்றன என்பது இதன் விளக்கம். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்காது, ஒரே தடவையிலும் கிடைக்காது. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள்: மை போட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். மை இல்லாத ஊசியை முதலில் முயற்சி செய்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு மைக்குப் போகலாம். இந்த வரிசையை ரீல்ஸில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் முன்-பின் வீடியோவுக்கு அது செட் ஆகாது.

பிடிக்கலைன்னா லேசர்ல எடுத்துடலாம்ல?

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. சாதாரணக் கறுப்பு டாட்டூவை லேசரில் பல அமர்வுகளில் மங்கச் செய்யலாம். ஆனால் தோல் நிற ஷேடு என்பது வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, பழுப்புக்கும் சிவப்புக்கும் இரும்பு ஆக்ஸைடு என்று கலந்த கலவை. டாட்டூ அகற்றும் லேசர் பட்டால் இவை வேதிமாற்றம் அடைந்து, கண் முன்னாலேயே கறுப்பாகிவிடக்கூடும். 1993-லேயே தோல் மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது. துரு நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு, லேசரின் வெப்பத்தில் கறுத்த வேறொரு ஆக்ஸைடாக மாறுவதுதான் காரணம். வெள்ளைத் தழும்பை மறைக்கப் போய், தோல் நிற டாட்டூ மேட்ச் ஆகாமல், அதை எடுக்கப் போய், கடைசியில் கறுப்புத் திட்டோடு நிற்பது. இந்த மூன்று படிகளும் ஒரே ஆளுக்கு நடக்க முடியும்.

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. கை, வயிறு என்று டாட்டூ போட்ட பகுதிக்கு அருகில் வேறு காரணத்துக்காக, உதாரணமாக முடி அகற்ற, லேசர் செய்யப் போனாலும் அந்த மறைந்திருக்கும் டாட்டூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மறைந்திருப்பதே அதன் வேலை என்பதால் டெக்னீஷியனுக்குத் தெரியாது. நீங்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

மைக்குள்ள என்ன இருக்கு?

2011-ன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பகுதியில் ஒரே டாட்டூ கலைஞரிடம் டாட்டூ போட்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான கொப்புளங்கள் வந்தன. காரணம், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு பாக்டீரியா. அது வந்தது ஊசியிலிருந்து அல்ல, முன்கூட்டியே நீர் கலந்து சாம்பல் நிறமாக்கி விற்கப்பட்ட மையிலிருந்து. பாட்டில் புதுசு, சீல் பிரிக்காதது. உள்ளேயே கிருமி. அறையைப் பளபளவென்று வைத்திருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு விழுந்த அடி அது.

தழும்பு மறைக்கும் டாட்டூவில் ஷேடு கலப்பதும், நீர்க்கச் செய்வதும்தான் வேலையின் மையமே. அதனால் 'எதை வைத்துக் கலக்குறீங்க? ஸ்டெரைலா?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் இருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ., அழகுக்காகத் தோலுக்குள் செலுத்த எந்த நிறமிக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றே சொல்கிறது. 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு மை' என்று போர்டு வைத்திருந்தால் அது எவ்வளவு உண்மை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தியாவில்? டாட்டூ போடுபவருக்கென்று நாடு முழுக்கப் பொருந்தும் தனி உரிமமோ, கட்டாயப் படிப்போ இல்லை. டாட்டூ மைகளில் உலோகங்கள் கலந்திருப்பது தெரியவந்ததை அடுத்து, இதற்குத் தரக் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் 2025-ல் கர்நாடக அரசுத் தரப்பிலிருந்து எழுந்தது. நம் திருச்சியில் 2024 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கும். டாட்டூ கடையில் நாக்கைப் பிளக்கும் வேலை செய்து வீடியோ போட்டவர்கள் கைதாகி, கடைக்கு சீல் வைக்கப்பட்டது. அந்த வீடியோ வைரல் ஆகாமல் இருந்திருந்தால்? அதுதான் இங்கே ஒழுங்குமுறையின் நிலைமை. வைரல் ஆனால் நடவடிக்கை.

டாக்டர் செய்தால் சேஃபா என்றால், கிருமித்தொற்று, கீலாய்டு விஷயங்களில் ஆம். ஆனால் நிறம் கலப்பது தனித்திறமை. எம்.பி.பி.எஸ்.ஸில் அது பாடம் இல்லை. யூடியூபையும் ஒர்க்‌ஷாப்பையும் பார்த்து மட்டும் அழகியல் சிகிச்சைகளில் இறங்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் தொடர்பான வழிகாட்டுதலில் டாக்டர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது. தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ தழும்பைப் பரிசோதித்து 'ஓகே' சொல்லி, அனுபவமுள்ள கலைஞர் அவர் மேற்பார்வையில் செய்வதுதான் சரியான ஏற்பாடு.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

இது பலரும் தவறவிடும் இடம். தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடையாது என்பது எல்லா ஹெல்த் பாலிசியிலும் இருக்கும் பொதுவான விலக்கு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வாசகத்தில் அதன் எண் 'எக்ஸ்க்ளூஷன் 08'. ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. சிகிச்சை அளிக்கும் மருத்துவர் மருத்துவத் தேவை என்று சான்று தர வேண்டும்.

மார்பக மறுசீரமைப்பின் கடைசிக் கட்டமாகச் செய்யும் டாட்டூ இந்த விதிவிலக்குக்குள் வரும் என்று வாதிட இடம் இருக்கிறது. பிரச்சினை, இது அட்மிட் ஆகாமல் செய்யும் வேலை. பல பாலிசிகள் ஓ.பி. செலவைத் தராது. அதனால் க்ளெய்ம் செய்ய நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, எழுத்துப்பூர்வமாகவே பதில் வாங்குங்கள். அமெரிக்காவில் 1998-லேயே மார்பக மறுசீரமைப்பின் 'எல்லாக் கட்டங்களுக்கும்' காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளும் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை உட்பட இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் உத்தரவிட்டது. புருவம் போனவருக்குப் புருவம் வரைவதும், உதட்டின் ஓரத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் 'அழகுக்கான' வேலை என்று யாராவது சொன்னால், அவர் அந்த உத்தரவை ஒருமுறை படிப்பது நல்லது.

மறைக்கணுமா, மாத்தணுமா?

இன்னொரு வழியும் இருக்கிறது. தழும்பைத் தோலாக நடிக்கவைக்காமல், அதன் மேல் பூவோ பறவையோ வரைந்துவிடுவது. பிரேசிலின் குரிச்சிபா நகர டாட்டூ கலைஞர் ஃப்ளாவியா கர்வால்யோவிடம் ஒரு பெண் வந்தார். நைட் கிளப்பில் நெருங்கி வந்தவனை மறுத்ததற்காகக் கத்தியால் குத்தப்பட்டவர், வயிற்றில் பெரிய தழும்பு. அந்தச் சந்திப்பிலிருந்து, வன்முறையில் தழும்பு வாங்கிய பெண்களுக்கு இலவசமாக டாட்டூ போடும் திட்டத்தை ஃப்ளாவியா தொடங்கினார். அதைப் படித்துவிட்டு ரஷ்யாவின் ஊஃபா நகரில் யெவ்கேனியா ஜகார் என்ற கலைஞரும் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இதையே செய்தார். ரஷ்யா, குடும்ப வன்முறையின் சில வகைகளுக்கு 2017-ல் தண்டனையைக் குறைத்தது என்ற பின்னணியில் பார்த்தால் அதன் கனம் புரியும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இது பாதுகாப்பான பந்தயம். அழுத்தமான கோடும் நிழலும் தழும்பின் மேடு பள்ளத்திலிருந்து கண்ணைத் திருப்பிவிடும். ஷேடு மேட்ச் தலைவலி இல்லை. வெயிலில் கறுத்தாலும் பூ பூவாகவே இருக்கும். நம் வீடுகளில் 'தழும்பு பரவால்ல, டாட்டூ மட்டும் வேணாம்' என்று சொல்லும் அம்மாக்கள் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகளை மறைக்க வருபவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸில் அரைக்கை சட்டை போடக்கூடத் தயங்குபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் கஷ்டகாலம் முடிந்து போதிய காலம் ஆன பிறகே போட வேண்டும் என்று பொறுப்பான கலைஞர்கள் சொல்வார்கள். இன்னும் அந்த எண்ணம் வருகிறது என்றால் டாட்டூவுக்கு முன் பேச வேண்டிய இடம் வேறு. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

போகிறதுன்னு முடிவு பண்ணிட்டா...

தழும்பின் ஓரத்தில், கண்ணுக்கு அதிகம் படாத ஒரு சின்ன இடத்தில் முதலில் டெஸ்ட் பேட்ச் போடச் சொல்லுங்கள். போட்ட அன்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மாதங்கள் கழித்து, ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 'டெஸ்ட் பேட்ச் தேவையே இல்லை, ஒரே சிட்டிங்ல முடிச்சிடலாம்' என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் போய் நிற்பதும் வேண்டாம்.

அவர்களிடம் போட்டோ கேட்கும்போது, செய்த அன்றே எடுத்ததைக் காட்டினால் திருப்திப்படாதீர்கள். உங்களைப் போன்ற தோல் நிறம் உள்ள ஒருவருக்கு, செய்து ஒரு வருடம் ஆன படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னத் தழும்பு, எப்போதாவது ஒரு விசேஷத்துக்கு மட்டும் மறைக்க வேண்டும் என்றால் கேமஃபிளாஜ் கிரீமே போதும். பிடிக்கவில்லை என்றால் ராத்திரி கழுவிவிடலாம்.

இரும்பு ஆக்ஸைடு நிறமி இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்று ஒரு பயம் உலவுகிறது. டாட்டூ உள்ள 330 பேரை எம்.ஆர்.ஐ.க்கு உட்படுத்தி 2019-ல் வெளியான ஆய்வில், டாட்டூ தொடர்பான லேசான பாதிப்பு ஒருவருக்கு மட்டுமே வந்தது. எடுக்கலாம், ஆனால் டெக்னீஷியனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சூடாகவோ இழுப்பது போலவோ இருந்தால் உடனே பஸ்ஸரை அழுத்துங்கள். ரத்த தானம் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: நம் நாட்டு விதிப்படி டாட்டூ போட்டால் 12 மாதங்கள் ரத்தம் கொடுக்க முடியாது. 'நான் போட்டது மெடிக்கல் டாட்டூ' என்று சொன்னாலும் தோலைக் குத்திய ஊசி ஊசிதான், கணக்கு அதே 12 மாதம்.